உழவும் ஆலையும் கப்பலும்
(வ. உ. சிதம்பரனார் வாழ்க்கை வரலாறு)

மக்கள் உயிர்வாழ்தற்பொருட்டும் பொருளீட்டுதற்பொருட்டும் செய்யும் தொழில்கள் எண்ணிறந்தன. எனினும் பொருளாதார நூலார் அவை அனைத்தையும் மூன்று பிரிவினுள் அடக்குவர். நிலத்தினின்றும் நீரினின்றும் காட்டினின்றும் நேரே பொருளைப் பெறுதல் முதல்நிலைத் தொழில். உழவு, மீன்பிடித்தல், மரம் வெட்டுதல், சுரங்கம் தோண்டுதல், உப்பு விளைத்தல் முதலியன இதன்பாற்படும். அவ்வாறு பெற்ற பொருளை வேறொரு பொருளாக ஆக்குதல் இரண்டாம்நிலைத் தொழில். பஞ்சை நூலாக்குதலும், நூலை ஆடையாக்குதலும், மரத்தைப் பலகையாக்குதலும் இதற்குச் சான்றாம். பொருளையும் மக்களையும் ஓரிடத்தினின்று ஓரிடத்திற்குக் கொண்டு செல்லுதல், வாணிகம், வங்கி, கல்வி, மருத்துவம், அரசுப்பணி ஆகியவை மூன்றாம்நிலைத் தொழில்கள். இப்பகுப்பை ஆலன் பிஷர் என்பார் 1935-ஆம் ஆண்டிலும், காலின் கிளார்க் என்பார் 1940-ஆம் ஆண்டிலும் தத்தம் நூல்களில் விளக்கி உலகறியச் செய்தனர்.

ஆயின், அந்நூல்கள் தோன்றுதற்கு முப்பது ஆண்டுகட்கு முன்னரே இம்மூன்று நிலைகளும் ஒருங்கே நம்மவர் கையில் இருந்தாலன்றி நாடு உய்யாது என்று உணர்ந்து, உணர்ந்தவாறே செய்தும் காட்டினார் ஒரு தமிழர். கப்பலோட்டிய தமிழர் என்று நம் இல்லங்களிற் சிறு பிள்ளையும் அறிந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையே அவர். அவரை நாட்டுப்பற்று மிக்க வீரராகவும் சிறையிற் செக்கிழுத்த தியாகியாகவும் நாம் போற்றுகின்றோம். அது முற்றும் தகும். எனினும் அவர் என்ன தொழில் செய்தார், ஏன் செய்தார், அத்தொழில் ஏன் வீழ்ந்தது என்பவற்றைக் கணக்குப் பார்ப்பது போல் பார்த்தவர் நம்மிற் சிலரே. தாய்நிலத்தில் இரயில்வே சரக்கு அலுவலகத்தில் பல்லாண்டு ரசீது எழுதிய எனக்கு, அவ்வரலாற்றை அவ்வழியில் நோக்குதல் இயல்பாயிற்று. கப்பலையே நம்பி வாழும் இத்தீவிலே, புரோத்ராபூர்க் காலனித் தமிழ்க் குடும்பங்கள் படிக்கும் இவ்வாண்டு விழா மலரில் அதனை எழுதுதல் பொருந்தும் எனக் கருதினேன்.

பிறப்பும் இளமையும்

சிதம்பரனார் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மாள். தந்தையார் வழக்கறிஞர். மகனும் சட்டம் பயின்று தேர்ந்து, 1895-ஆம் ஆண்டளவில் ஒட்டப்பிடாரத்திலேயே வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். ஏழைகள் வழக்கைப் பரிவோடு நடத்துபவர் என்று பெயர் பெற்றார். 1900-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அவர் பிறந்த ஊரையும் குடிபுகுந்த ஊரையும் சிறிது ஆராய்ந்தால் அவர் வாழ்வின் திறவுகோல் கிட்டும். ஒட்டப்பிடாரம் கரிசல் மண் சூழ்ந்த ஊர். கரிசலில் விளைவது பருத்தி. அப்பருத்தி தூத்துக்குடிக்கு வரும். அங்கே ஆங்கிலேயரான ஹார்வி கம்பெனியார் 1888-ஆம் ஆண்டில் நிறுவிய கோரல் ஆலை அதனை நூலாக்கும். நூலும் பஞ்சும் அரிசியும் வெங்காயமும் கருவாடும் துறைமுகத்தினின்று கப்பலேறும். இவ்வாறு ஒரே வட்டாரத்தில், ஒரு நாள் நடைக்குள், மூன்று நிலைத் தொழில்களும் ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்திருந்தன.

அக்காலத்தில் சென்னை எழும்பூரிற் புறப்படும் போட் மெயில் என்னும் வண்டி தூத்துக்குடி வரை ஓடியது. அங்கிருந்து கப்பல் மூலம் மக்கள் கொழும்பு சென்றனர். பாம்பன் பாலம் 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பின்னரே அவ்வழி தனுஷ்கோடிக்கு மாறியது. ஆகவே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரும், கொழும்பில் கடை வைத்த வணிகரும் தூத்துக்குடித் துறையில் நாடோறும் வந்து குழுமினர். அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்கள் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு உரியவை. விளைவிப்பவன் தமிழன், ஆலையில் உழைப்பவன் தமிழன், சரக்கை அனுப்புபவனும் தமிழன். ஆனால் ஆலையின் இலாபமும் கப்பற் கூலியும் கடல் கடந்து சென்றன. கப்பற் கூலியை நிர்ணயிக்கும் உரிமை ஒரே கம்பெனியிடம் இருந்தமையால், வணிகர் கேட்ட கூலியைக் கொடுத்தே தீரவேண்டியிருந்தது.

தொழில் முயற்சிகள்

1905-ஆம் ஆண்டில் வங்காளம் பிரிக்கப்பட்டது. அதனை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிற்று. திலகரைத் தலைவராகக் கொண்ட சிதம்பரனார், அந்நியப் பொருளை எரிப்பதோடு அமைதி கொள்ளவில்லை. எரித்த துணிக்கு மாற்றுத் துணி நெய்ய வேண்டும். நெய்த துணியை வைத்து விற்கக் கிடங்கு வேண்டும். கிடங்கிலிருந்து அதனைக் கொண்டு செல்ல வாகனம் வேண்டும் என்று எண்ணினார். சுதேசிப் பிரசார சபை, தரும சங்க நெசவுச் சாலை, தேசியப் பண்டகசாலை, உழவையும் கைத்தொழிலையும் வளர்க்கும் சென்னை விவசாயக் கைத்தொழிற் சங்கம் ஆகியன அவர் முயற்சியால் தோன்றியவை. விவசாயச் சங்கம் முதல்நிலை, நெசவுச் சாலை இரண்டாம்நிலை, பண்டகசாலை மூன்றாம்நிலை. பொருளாதார நூல் எதனையும் முன்வைத்துக்கொண்டு அவர் இவற்றை அமைத்தாரல்லர். நாட்டின் தேவையை நோக்கினார். அத்தேவையே அவரை இவ்வரிசைக்குக் கொணர்ந்தது.

இவற்றின் முடியாக 1906-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. முதலீடு 10 இலட்சம் ரூபாய். அதனை ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தனர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருமகனார் 8,000 பங்குகளை, அஃதாவது 2 இலட்சம் ரூபாய்க்குரிய பங்குகளை, தாம் ஒருவராகவே ஏற்றுக்கொண்டு செயலாளராக விளங்கினார். முழு முதலில் ஐந்தில் ஒரு பங்கு அவருடையது என்பதை நம் பிள்ளைகள் நினைவிற் கொள்ள வேண்டும். சிதம்பரனாரோ உதவிச் செயலாளர் என்னும் சிறு பதவியோடு அமைந்து, பெரும்பாரத்தைத் தாமே சுமந்தார்.

ஒரு பங்கின் விலையை 25 ரூபாயாக வைத்தமை கருதத்தக்கது. ஆயிரம் ரூபாய் என்று வைத்திருந்தால் ஜமீன்தாரும் பெருவணிகருமே வாங்கியிருப்பர். சிறு கடைக்காரரும், வழக்கறிஞரும், நிலவுடைமையாளரும் தத்தம் ஆற்றலுக்கேற்ப வாங்கும்படி அவர் ஊர் ஊராகச் சென்று பங்கு சேர்த்தார். சிறு துளி பெருவெள்ளம் என்பதைக் கணக்கில் நிறுத்திக் காட்டிய செயல் அது.

கப்பல் வந்தது

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலிருந்த ஷா லைன் கம்பெனியாரிடம் வாடகைக்குப் பெற்றனர். எதிர்க்கம்பெனியாரின் நெருக்குதலால் அவ்வாடகை ஒப்பந்தம் முறிந்தது. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்திப் போக்குவரத்து அற்றுப்போகாமற் காத்தனர். பிறர் கப்பலை நம்பித் தொழில் நடவாது எனக் கண்ட சிதம்பரனார் பம்பாய் சென்றார். கப்பலோடு அன்றித் திரும்புவதில்லை என்று உறுதி பூண்டு சென்றார் என்பது வரலாறு. திலகர் முதலியோர் துணைபுரிந்தனர். 1907-ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறையை அடைந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,300 பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் சுமக்க வல்லது. அன்று ஊர்மக்கள் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. நண்பர் பாரதியாரும் அதனைத் தம் பத்திரிகையிற் கொண்டாடினார்.

இனி, கூலிப் போர் தொடங்கிற்று. வெள்ளையர் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாயாக்கியது. பின்னர் அவர்கள் கட்டணமின்றியே ஏற்றிச் செல்லவும், ஏறுவோர்க்குக் குடை ஒன்று இனாமாகக் கொடுக்கவும் முற்பட்டனர் என்பர். கேட்பதற்கு இது வேடிக்கைக் கதை போலத் தோன்றும். சரக்குக் கணக்கு அறிந்தவர்க்கு இதிலுள்ள கொடுமை புலப்படும். வண்டி நிறைந்து ஓடினாலும் வெறுமையாய் ஓடினாலும் நிலக்கரிச் செலவும் ஊழியர் சம்பளமும் பெரும்பாலும் ஒன்றே. கப்பலுக்கும் அஃதே விதி. பல துறைமுகங்களுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களை விடும் கம்பெனி, ஒரு வழியில் வரும் நட்டத்தை ஏனைய வழிகளின் இலாபத்தால் ஈடுசெய்து கொள்ளும். ஒரே வழியில் இரண்டே கப்பல் விடும் கம்பெனிக்கு அவ்வழியில் வரும் நட்டமே முழு நட்டம். ஆகவே குடையை வாங்கிக்கொண்டு எதிர்க்கப்பலில் ஏறியவன், நாளைக்குத் தான் கொடுக்கப்போகும் உயர்ந்த கூலிக்கு இன்றே முன்பணம் கட்டியவன் ஆவான். ஆயினும் மக்கள் பலர் சுதேசிக் கப்பலையே நாடினர். வணிகர் பலர் சரக்கை அதற்கே கொடுத்தனர்.

ஆலைத் தொழிலாளர்

கப்பலோடு அவர் கவலை நிற்கவில்லை. கோரல் ஆலைத் தொழிலாளர் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர். வார ஓய்வும் இல்லை. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள் அவர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கட்கு வழிகாட்டினர். வேலையிழந்தோர் பசியாறப் பொதுமக்களிடம் பொருள் திரட்டப்பட்டது. ஒன்பது நாட்களுக்குப்பின் ஆலையார் இணங்கினர். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. இந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் முற்பட்ட வெற்றிகளுள் இஃதொன்று. முதலாளிகளைக் கூட்டிக் கம்பெனி நிறுவியவரே தொழிலாளர் பக்கமும் நின்றார். மூலதனமும் உழைப்பும் நாட்டின் இரு கரங்கள் என்று அவர் கருதியதே இதற்குக் காரணம் ஆகலாம்.

சிறையும் தீவாந்தரமும்

அரசினர் இதனைப் பொறுக்கவில்லை. விபின சந்திர பாலர் விடுதலையைக் கொண்டாடியதைக் காரணமாகக் கொண்டு 1908-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் சிதம்பரனாரையும் சிவாவையும் திருநெல்வேலியிற் கைது செய்தனர். மறுநாள் அந்நகரிற் பெருங்கலகம் மூண்டது; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். அரச நிந்தனைக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு 20 ஆண்டு, ஆக இரட்டை ஆயுள் தண்டனை, அதுவும் தீவாந்தரம். தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். பின்னர் அவர் தெளியவேயில்லை.

தீவாந்தரம் என்னும் சொல் அன்று தமிழர் செவியில் எத்தீவை உணர்த்தியது? நாம் இன்று குடும்பத்தோடு வாழும் இவ்வந்தமானையே உணர்த்தியது. கூண்டுச் சிறை கட்டி முடிக்கப்பெற்று இரண்டே ஆண்டு ஆகியிருந்த காலம் அது. மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தமையால் சிதம்பரனார் இக்கரைக்கு வரவில்லை. கோயமுத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் துன்புற்றார். கோயமுத்தூரில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கிற் பூட்டினர். கப்பலோட்டிய கைகள் எண்ணெய்ச் செக்கைத் தள்ளின. இங்கே கூண்டுச் சிறையிலும் கைதிகளை வருத்தியது அதே எண்ணெய்ச் செக்குத்தான் என்பதை அச்சிறையைக் கண்டவர் அறிவர்.

அவர் சிறையிலிருக்க, கம்பெனி தளர்ந்தது. கூலிப் போரால் முதல் கரைந்தது. அரசின் சினத்திற்கு அஞ்சியோர் விலகினர். முன்னின்று நடத்துதற்கு அவரைப் போன்ற இன்னொருவர் இல்லை. 1911-ஆம் ஆண்டில் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்கள் விற்கப்பட்டன. அவற்றுள் ஒன்று எதிர்க்கம்பெனியிடமே விலைபோயிற்று என்பர். சிறையிலிருந்தவர்க்கு அச்செய்தி செக்கினும் கொடிதாயிருந்திருக்கும்.

பிற்கால வாழ்வு

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அவர் விடுதலையானார். கைதான நாளில் கொதித்தெழுந்த நெல்லை மக்களுள் வரவேற்க வந்தவர் மிகச் சிலரே. வழக்கறிஞர் உரிமை பறிபோயிருந்தது, செல்வம் கரைந்திருந்தது. சென்னையிற் குடியேறிச் சிறு வாணிகம் செய்து பார்த்தார், அது நிலைக்கவில்லை. மனைவி மக்களோடு வறுமையிற் காலம் கழித்தார்.

அந்நாளில் அவரை நினைந்தவர் யாவர்? கடல் கடந்து வாழ்ந்த தமிழர் நினைந்தனர். தென்னாப்பிரிக்காவில் உழைத்துப் பிழைத்த நம்மவர் அவர்பொருட்டுச் சிறு தொகை திரட்டிக் காந்தியடிகளிடம் சேர்ப்பித்தனர். அத்தொகை பற்றி அடிகளுக்கும் சிதம்பரனாருக்கும் கடிதப் போக்குவரத்து நிகழ்ந்து, 1916-ஆம் ஆண்டில் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்தது. இலட்சங்களைக் கூட்டியவர் அச்சிறு தொகைக்குக் காத்திருக்க நேர்ந்தது. ஊரைவிட்டு வந்தவர்க்கே ஊர்ப் பெரியாரின் அருமை மிகுதியும் தெரிகின்றது போலும்! நம்மைப் போன்ற குடியேறிகள் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி இது.

நீதிபதி வாலேஸ் என்னும் ஆங்கிலேயர் அவர் நிலையுணர்ந்து வழக்கறிஞர் உரிமையை மீண்டும் பெறச் செய்தார். நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர் ஆங்கிலேயரைப் பகைத்தாரல்லர். கோயிற்பட்டியில் தொழில் நடத்தி, பின்னர் தூத்துக்குடி திரும்பினார். மெய்யறம், மெய்யறிவு முதலிய நூல்களை யாத்தார். திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும் தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் உரையையும் பதிப்பிக்க உழைத்தார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள், தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில், 64-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

நாம் கொள்ளத்தக்கது யாது?

கம்பெனி வீழ்ந்தது. ஆயினும் எண்ணம் வீழவில்லை. 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் சிந்தியாக் கம்பெனியின் லாயல்டி என்னும் கப்பல் பம்பாயிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. அந்நாளே இன்று தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னரே தூத்துக்குடியில் வழி திறந்தவர் நம்மவர். 2011-ஆம் ஆண்டில் தூத்துக்குடித் துறைமுகத்திற்கே அவர் பெயர் சூட்டப்பெற்றது.

இத்தீவுகளை நோக்குவோம். தென்னையும் கமுகும் மீனும் முதல்நிலை. 1883-ஆம் ஆண்டில் தோன்றிய சாத்தம் மர அறுவை ஆலை இரண்டாம்நிலை. அரசுப்பணியும் கடைகளும் சுற்றுலாவும் கப்பலும் மூன்றாம்நிலை. இன்று இத்தீவுகளின் வருவாயிற் பெரும்பங்கு மூன்றாம்நிலையினின்றே வருகின்றது. உண்ணும் அரிசியும் உடுக்கும் துணியும் கட்டும் சிமெண்டும் தாய்நிலத்தினின்று கப்பலேறி வந்தாக வேண்டும். கப்பல் நின்றால் நேர்வது யாது என்பதை 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இத்தீவைப் பிடித்திருந்த காலம் காட்டியது. கப்பல் வரத்து அற்று, உணவின்றி மக்கள் பட்ட பாட்டை இங்குள்ள முதிய குடும்பத்தார் வழிவழியாகக் கூறுவர். மூன்று நிலைகளுள் ஒன்று முறிந்தால் மற்ற இரண்டும் நில்லா என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நம் காலனிப் பெற்றோர் பலர்க்கும் ஓர் ஆசை உண்டு. மகனோ மகளோ அரசு அலுவலகத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்துவிட வேண்டும் என்பதே அது. அலுவலக நாற்காலியிலேயே காலம் கழித்து வருபவனாகிய நான் அதனைக் குறைகூறேன். மாதச் சம்பளம் தரும் அமைதி சிறிதன்று. ஆனால் நாற்காலிகளின் தொகை ஓர் அளவிற்கு உட்பட்டது. பிள்ளைகளின் தொகையோ பெருகி வருகின்றது. எல்லாரும் ஒரே நிலையில் நின்று பங்கு கேட்டால், ஆக்குபவர் யார்? மீன் பிடிப்போர் பலர் உள்ள இத்தீவில் மீனைப் பதப்படுத்தி அனுப்புவோர் எத்துணையர்? தேங்காய் விளையும் ஊரில் கயிறும் எண்ணெயும் செய்யும் தொழிலை நம் இளைஞர் ஏன் இழிவாக எண்ண வேண்டும்? வழக்கறிஞர் தொழிலில் நல்ல வருவாய் பெற்றுவந்த சிதம்பரனார், நெசவுச் சாலையையும் பண்டகசாலையையும் இழிவென்று கருதினாரா?

அவர் வாழ்வு மற்றொன்றையும் கற்பிக்கின்றது. நல்ல எண்ணம் ஒன்றே தொழிலை நிலைநிறுத்தாது. நட்டத்தைத் தாங்கும் சேமிப்பு வேண்டும். ஒருவர் விழுந்தால் தாங்க மற்றொருவர் பழகியிருக்க வேண்டும். இலவசக் குடைக்கு மயங்காத வாடிக்கையாளர் வேண்டும். ஐந்து குடும்பம் கூடி ஒரு சிறு கூட்டுறவுக் கடை தொடங்கினும் இம்மூன்றும் அதற்கும் பொருந்தும். அவ்வாறு தொடங்கப்படுமாயின், நாலணா மலிவென்று வேறிடம் நாடாமல் அதனை ஆதரிப்பது நம் கடன்.

தீவாந்தரம் என்று அஞ்சப்பட்ட நிலத்திற்கு நாம் விரும்பி வந்தோம், வீடு கட்டினோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினோம். போர்ட் பிளேர் என்ற பெயரும் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என மாறியது. சிதம்பரனார் கைதியாக வர நேர்ந்திருக்கக்கூடிய கரையில் நாம் குடிமக்களாக வாழ்கின்றோம். அடுத்த முறை சென்னைக் கப்பலுக்குச் சீட்டு வாங்கும்போது, சுதேசிக் கப்பலுக்கு 25 ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கிய பெயரறியாத மக்களையும், அவர்களை நம்பி வாழ்வையே பணயம் வைத்த அப்பெரியாரையும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போமாக. உழவும் ஆலையும் கப்பலும் ஒருங்கே தழைப்பதாக! வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!